பயணக் கேள்வி–பதில்: லண்டனிலிருந்து சூரிச்சுக்கு எத்தனை மணித்தியாலம்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். ஊர்ப்பெயர் மட்டும் மாறுகிறது. 'இங்கேயிருந்து அங்கே எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணித்தியாலம்?' கலியாணமும் சாமத்தியவீடும் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வருகிற காலம், கேட்கத்தான் செய்வீர்கள். பாரிஸ் லாச்சப்பலில் 27 வருடமாக ரிக்கற் போடுகிறவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். முதல் கேள்வி கணக்கில் கெட்டிக்காரர் ஒருவருடையது. அதற்குப் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லண்டன் ஹீத்ரோவிலிருந்து சூரிச் விமான நிலையத்துக்கு நேர்த்தூரம் 788 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் ஓடுமாம். வகுத்தால் 56 நிமிடம். ரிக்கற்றில் 1 மணி 45 நிமிடம் என்று இருக்கிறது. மிச்ச 49 நிமிடம் எங்கே போகிறது? — ஹரோவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, தூரமும் சரி, வகுத்ததும் சரி. 850 என்பதில்தான் பிழை. அந்த வேகம் நடுவானத்தில் மட்டும்தான்.

போன வருடம் ஹரோவில் இருக்கிற தங்கச்சி வீட்டில் நின்றுவிட்டு, சூரிச்சுக்குப் பக்கத்து வின்டர்தூரில் நடந்த ஒரு வீடு குடிபூரலுக்கு இதே பாதையில் போனேன். தொழில் புத்தி விடாது. கைக்கடிகாரத்தைப் பார்த்து, போர்டிங் அட்டையின் பின்பக்கத்தில் நேரங்களைக் குறித்துக்கொண்டு வந்தேன். ரிக்கற்படி புறப்பாடு 2:15. விமானத்தைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கியது 2:22-க்கு. பிறகு ஊர்ந்து ஊர்ந்து ஓடுபாதை முனைக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஆறு விமானங்கள் நின்றன. சில்லு தரையை விட்டது 2:43. சூரிச்சில் தரை தொட்டது லண்டன் நேரப்படி 3:56. வாசலுக்கு வந்து இயந்திரத்தை நிற்பாட்டியது 4:05.

இப்போது கணக்கைப் பாருங்கள். வானத்தில் இருந்தது 73 நிமிடம். ரிக்கற்றில் போடுகிற நேரம் அதுவல்ல. சில்லுக்குக் கட்டை எடுக்கிற நேரத்திலிருந்து மற்ற ஊரில் கட்டை வைக்கிற நேரம்வரை அவர்கள் கணக்கெடுப்பார்கள். ஹீத்ரோவில் ஓடுபாதை இரண்டே இரண்டு. வருடத்துக்கு 480,000 ஏற்ற இறக்கத்துக்குத்தான் அனுமதி, அதையும் கிட்டத்தட்ட முழுதாகப் பாவிக்கிறார்கள். ஆகவே தரையில் இருபது நிமிடம் ஊர்வது அங்கே சாதாரணம்.

சரி, 73 நிமிடம் என்றாலும் உங்கள் 56-ஐ விடக் கூடத்தானே? 788 கிலோமீட்டரை 73 நிமிடத்தில் ஓடினால் சராசரி மணிக்கு 648. ஏன் 850 வரவில்லை? ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் மெதுவாகத்தான் போகும். 10,000 அடிக்குக் கீழே 250 நொட் என்று பொதுவாக வேகக் கட்டுப்பாடு இருக்கிறது, அது மணிக்கு 463 கிலோமீட்டர். இறங்குவதற்கு 200 கிலோமீட்டர் இருக்கும்போதே மூக்கைக் கீழே சாய்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஏறுவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு போய்விடும். 788-இல் இரண்டு பக்கத்தையும் கழித்தால் முழு வேகத்தில் ஓடக் கிடைப்பது நடுவிலே பாதித்தூரம். சிங்கப்பூருக்குப் போகிற விமானத்துக்கு இது பெரிய நட்டமில்லை. ஐரோப்பாவுக்குள்ளே ஓடுகிறதுக்குப் பெரிய நட்டம். தேத்தண்ணி வண்டி கடைசி வரிசைக்கு வருவதற்குள் 'பெல்ட்டைக் கட்டுங்கள்' என்று சொல்வது அதனால்தான்.

அப்புறம், நேர்க்கோட்டில் யாரும் பறப்பதில்லை. புறப்படுகிறபோது வீடுகளுக்கு மேலே சத்தம் குறைய ஒரு வளைவு, இறங்குகிறபோது காற்றுக்கு எதிராக நின்று இறங்க இன்னொரு வளைவு. 788 என்பது பூமி உருண்டையில் நூல் பிடித்து அளந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இதை விமான நிறுவனங்கள் உரக்கச் சொல்லாது. ரிக்கற்றில் போடுகிற நேரத்துக்குள் பத்து, பதினைந்து நிமிடம் காப்புக்குச் சேர்த்துத்தான் போடுவார்கள். கொஞ்சம் பிந்திப் புறப்பட்டாலும் 'சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தோம்' என்று அறிவிக்கலாம் அல்லவா? நான் போன விமானம் 7 நிமிடம் பிந்திப் புறப்பட்டு 5 நிமிடம்தான் பிந்தி வந்தது. காப்பு இல்லாவிட்டால் இன்னும் பிந்தியிருக்கும்.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. தங்கச்சி வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளிக்கிட்டது 11:10. சூரிச்சில் கடவுச்சீட்டு வரிசை, பெட்டி வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றது, விமான நிலையத்துக்குக் கீழேயே இருக்கிற ரயிலில் வின்டர்தூருக்குக் கால் மணித்தியாலம், பிறகு நடை. வீட்டு மணியை அடித்தபோது லண்டனில் 5:40. மொத்தம் ஆறரை மணித்தியாலம். அதில் வானத்தில் இருந்தது 73 நிமிடம். யாராவது என் கடையில் வந்து 'லண்டன்–சூரிச் எவ்வளவு நேரம்?' என்று கேட்டால், 'எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு?' என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான். சிலர் எனக்குக் கொழுப்பு என்று நினைக்கிறார்கள்.

கேள்வி: மாமி சுவிஸுக்குப் போனபோது 2 மணி 45 நிமிடமாம், திரும்பி வந்தபோது 50 நிமிடமாம். 'வரும்போது விமானத்தைக் கெதியாக ஓட்டினான்' என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறா. எப்படி விளங்கப்படுத்துவது? — பர்மிங்காமிலிருந்து ஒரு மருமகள்

பதில்: மாமி ரிக்கற்றைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறா. புறப்படுகிற நேரமும் இறங்குகிற நேரமும் அந்தந்த ஊர் மணிக்கூட்டுப்படி எழுதப்படும். சூரிச் லண்டனுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி ஓடுகிறது. போகும்போது அந்த ஒரு மணித்தியாலம் கூடும், வரும்போது கழியும். இரண்டு பக்கமும் பயணம் ஒன்றே முக்கால், ஒன்று ஐம்பது மணித்தியாலம்தான்.

சொல்லப்போனால் கெதியாகப் போவது போகும்போதுதான். ஐரோப்பாவுக்கு மேலே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று அடிக்கும். மாரி காலத்தில் அது மணிக்கு 150, 200 கிலோமீட்டருக்கும் போகும். போகிறபோது முதுகைத் தள்ளும், வருகிறபோது முகத்தில் அடிக்கும். திரும்பி வருகிறபோது ஹீத்ரோவில் இடம் கிடைக்கும்வரை லண்டனைச் சுற்றி நாலு இடங்களில் வட்டமடிக்க வைப்பதும் உண்டு. மாமி யன்னல் பக்கம் இருந்திருந்தால் ஒரே கோல்ஃப் மைதானத்தை மூன்று தரம் பார்த்திருப்பா.

கோடைக்கும் மாரிக்கும் மணிக்கூட்டை மாற்றும்போது இந்த வித்தியாசம் மாறாதா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். மாறாது. மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் இங்கிலாந்தும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் சுவிஸும் ஒரே கணத்தில் மாற்றுகின்றன.

இதில் எனக்குப் பிடித்த ஒரு கதை உண்டு. பாரிஸ் லண்டனிலிருந்து கிழக்கே இரண்டு பாகை சொச்சம்தான், சூரியனைக் கேட்டால் வித்தியாசம் பத்து நிமிடம்கூட வராது. 1940-இல் ஜேர்மனியர் பாரிஸைப் பிடித்தபோது பேர்ளின் நேரத்துக்கு மணிக்கூட்டைத் திருப்பினார்கள். யுத்தம் முடிந்தது, அவர்கள் போனார்கள், நேரம் மட்டும் போகவில்லை. அதே வருடம் ஸ்பெயினும் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. போர்த்துக்கல் இன்றைக்கும் லண்டன் நேரத்தில் நிற்கிறது. அதனால் மட்ரிட்டில் ஏறி 510 கிலோமீட்டர் பறந்து லிஸ்பனில் இறங்கினால், மணிக்கூட்டில் இருபது நிமிடம்தான் ஓடியிருக்கும். மாமியை அங்கே ஒருக்கால் அனுப்பிப் பாருங்கள்.

கேள்வி: லா கூர்னெவ்வில் இருக்கிறோம். சூரிச்சில் அண்ணன் மகளுக்குச் சாமத்தியவீடு. நாங்கள் ஐந்து பேர், இரண்டு சின்னப் பிள்ளைகள். விமானமா, ரயிலா?

பதில்: உங்கள் இடத்திலிருந்து இது சரிக்குச் சரி வருகிற கணக்கு, அதனால்தான் எல்லாரும் குழம்புகிறார்கள்.

சார்ல் து கோலிலிருந்து சூரிச் 476 கிலோமீட்டர், ரிக்கற்றில் ஒன்றேகால் மணித்தியாலம் சொச்சம் போட்டிருக்கும். விமான நிலையத்துக்கு வீட்டிலிருந்து முக்கால் மணித்தியாலம் வையுங்கள். பிள்ளைகளோடு இரண்டு மணித்தியாலம் முந்திப் போகவேண்டும். இறங்கிப் பெட்டி எடுக்க அரை மணித்தியாலம், நகருக்கு ரயில் பன்னிரண்டு நிமிடம். ஐந்து மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைய. தே-ஜே-வே (TGV) என்கிற அதிவேக ரயில் பாரிஸ் கார் து லியோன் நிலையத்திலிருந்து சூரிச் பெரிய நிலையத்துக்கு நாலு மணி ஐந்து நிமிடமளவில் ஓடும். வீட்டிலிருந்து நிலையத்துக்குப் போக முக்கால், காத்திருக்க இருபது நிமிடம். ஐந்து மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட.

நேரத்தை விடுங்கள், சாமானைப் பாருங்கள். சாமத்தியவீட்டுக்கு வெறுங்கையோடு போகமாட்டீர்கள். சேலைப்பெட்டி, வெள்ளித்தட்டு, பயித்தம் பணியாரம், முறுக்கு என்று குறைந்தது நாலு பெட்டி. மலிவு விமான ரிக்கற்றில் கைப்பைக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் காசு. பணியார டின்னை ஊடுகதிரில் பார்த்து, திறக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு நிற்கிற கோலத்தையும் நான் பார்த்திருக்கிறேன். நான் என்றால் ரயிலில்தான் ஏற்றுவேன். மேல்தட்டில் இடம் எடுங்கள். டிஜோன் தாண்டிப் பிள்ளைகள் தூங்காவிட்டால் என்னைக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ரயில் என்றாலும் சுவிஸ் எல்லையில் சுங்கக்காரர் ஏறுவார்கள். சுவிஸ் ஷெங்கன் என்கிற, எல்லையில் கடவுச்சீட்டுச் சோதனையில்லாத வலயத்துக்குள் இருக்கிறது, ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இல்லை. கடவுச்சீட்டைப் பெரும்பாலும் பார்க்கமாட்டார்கள், பெட்டியைப் பார்ப்பார்கள். இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோதான் தீர்வையில்லாமல் விடுவார்கள். 2025 தொடக்கத்திலிருந்து மற்றச் சாமான்களும் ஆளுக்கு 150 பிராங்குக்கு மேல் போனால் வரி. முந்தி 300 ஆக இருந்தது. 'லாச்சப்பலில் ஆட்டிறைச்சி மலிவு' என்று எட்டுக் கிலோ ஐஸ்பெட்டியில் கொண்டுபோன ஒருவர், சூரிச்சில் வாங்கியதைவிடக் கூடக் கொடுத்துவிட்டு வந்து என் கடையில் இருந்து புலம்பினார்.

கேள்வி: ஒஸ்லோவிலிருந்து பிராங்பேர்ட்டில் மாறிப் பாரிஸுக்கு வந்தோம். இயந்திரக் கோளாறு என்று சொல்லி, மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிந்தித்தான் வந்து சேர்ந்தோம். 250 யூரோ தருகிறோம் என்று நிறுவனம் எழுதியிருக்கிறது. இரண்டு பறப்பையும் கூட்டினால் 1,590 கிலோமீட்டர் வருகிறதே, 400 யூரோ தரவேண்டாமா?

பதில்: கிலோமீட்டர் உண்மையாகவே காசாகிற இடம் இது ஒன்றுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261 ஆம் இலக்க விதிப்படி 1,500 கிலோமீட்டர்வரை 250 யூரோ, ஒன்றியத்துக்குள் அதற்கு மேலே போனால் 400. வெளிநாட்டுப் பறப்பு 3,500-ஐத் தாண்டினால் 600. நோர்வேயும் சுவிஸும் இந்த விதிக்குள் வருகின்றன. இங்கிலாந்தில் இதே மாதிரிச் சட்டம் தனியாக இருக்கிறது, அங்கே தொடக்கத் தொகை 220 பவுண்.

உங்களைப் போலவே யோசித்த சிலர் நீதிமன்றம்வரை போனார்கள். ரோமிலிருந்து பிரசெல்ஸில் மாறி ஹம்பேர்க் போனவர்கள். பறந்த தூரம் 1,656 கிலோமீட்டர். ரோமுக்கும் ஹம்பேர்க்குக்கும் நேர்த்தூரம் 1,326. எதைக் கணக்கெடுப்பது? 2017 செப்டெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: முதல் ஊருக்கும் கடைசி ஊருக்கும் இடையிலான நேர்த்தூரம்தான், நடுவில் எங்கே சுற்றினாலும் கணக்கில்லை. உங்களுக்கு நேர்த்தூரம் ஏறத்தாழ 1,350. 250 யூரோவை வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு 250, குடும்பத்துக்கல்ல. குழந்தைக்கும் ரிக்கற்றுக்குக் காசு கட்டியிருந்தால் அதற்கும் கேளுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும், பிந்தியது மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட இருந்தால் எந்தக் கணத்தை எடுப்பது என்பதற்கும் ஒரு வழக்கு உண்டு. சால்ஸ்பேர்க்கிலிருந்து கொலோனுக்கு வந்த ஒரு விமானம் 2 மணி 58 நிமிடம் பிந்தித் தரை தொட்டது. வாசலுக்கு வந்து நின்றபோது 3 மணி 3 நிமிடம். தரை தொட்டதுதான் வந்த நேரம் என்றது நிறுவனம். 2014-இல் நீதிமன்றம் சொன்னது, ஒரு கதவாவது திறந்து பயணிகள் இறங்கலாம் என்கிற கணம்தான் வந்த நேரம். சில்லு தொட்டதும் கை தட்டுகிற எங்கள் ஆட்கள் இதைக் கவனிக்கவேண்டும். கை தட்டுவதை விட்டுவிட்டு, கதவு திறக்கிற நேரத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

புயல், பனி, வான்கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம் போன்றவற்றுக்கு இந்தக் காசு இல்லை. சாப்பாடும் தேவைப்பட்டால் தங்குமிடமும் அப்போதும் தரத்தான் வேண்டும். இயந்திரக் கோளாறு பொதுவாகச் சாட்டாகாது. உங்களுக்குக் காசு தர ஒத்துக்கொண்டதும் அதனால்தான்.

கேள்வி: பாஸல் விமான நிலையத்தில் இறங்கிய அப்பாவைக் காணாமல் ஒரு மணித்தியாலம் தேடினோம். அப்பா வெளியே வந்து நிற்கிறேன் என்கிறார், நாங்களும் வெளியே நிற்கிறோம். எப்படி நடந்தது?

பதில்: அப்பா பிரெஞ்சு வாசலில் நின்றார், நீங்கள் சுவிஸ் வாசலில் நின்றீர்கள். சிரிக்கவில்லை, உண்மை. பாஸல் விமான நிலையம் இருப்பது பிரெஞ்சு மண்ணில். 1946-இல் திறந்து, 1949-இல் இரண்டு நாடும் ஒப்பந்தம் எழுதிப் பொதுவாக நடத்துகின்றன. உள்ளே பிரெஞ்சுப் பக்கம் ஒரு வாசல், சுவிஸ் பக்கம் ஒரு வாசல். சுவிஸ் வாசலிலிருந்து பாஸலுக்குச் சுங்க வேலிக்கு நடுவால் தனி வீதி போகிறது. 50 ஆம் இலக்க பஸ் அந்த வீதியால் இருபது நிமிடத்தில் பாஸல் ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் விடும். அடுத்த முறை வருகிறவருக்கு 'சுவிஸ் என்று எழுதியிருக்கிற பக்கம் திரும்புங்கோ' என்று முந்தியே சொல்லிவிடுங்கள்.

ஊர்ப்பெயரை நம்பி ஏமாறுகிற விமான நிலையங்கள் வேறும் உண்டு. 'பாரிஸ் பொவே' பாரிஸிலிருந்து 85 கிலோமீட்டர். பிராங்பேர்ட் என்ற பெயரோடு இருக்கிற ஹான், பிராங்பேர்ட்டிலிருந்து 120 கிலோமீட்டர். அங்கே 19 யூரோ ரிக்கற்றில் வந்திறங்கி, இரவு பதினொன்றரைக்குக் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, 'அண்ணை, ரக்சிக்கு 180 கேட்கிறான்' என்று எனக்குப் போன் எடுத்தவர் இருக்கிறார். ரிக்கற் என்னிடம் போட்டதும் இல்லை.

கேள்வி: பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறதே, விமானம் மேலே எழும்பிச் சும்மா நின்றால் கீழே மேற்கு நாடு தானாக வராதா? — பேர்ளினிலிருந்து, ஏழாம் வகுப்பு

பதில்: வராது, பிள்ளை. ஓடுகிற ரயிலுக்குள் குதித்துப் பார், குதித்த இடத்திலேயே விழுவாய். ரயிலுக்குள் இருக்கிற காற்றும் நீயும் ரயிலோடு ஓடுகிறீர்கள். பூமியும் தன் காற்றைக் கூட்டிக்கொண்டுதான் சுழல்கிறது. பாரிஸ் இருக்கிற இடத்தில் நிலம் மணிக்கு 1,100 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போகிறது. காற்று கூடவே வராவிட்டால் உன் வீட்டுக் கூரை இருக்காது.

ஐரோப்பாவிலேயே சின்னப் பறப்பு எது என்றும் கேட்டிருந்தாய். ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாபா வெஸ்ட்ரேக்கு 2.7 கிலோமீட்டர். உலகத்திலேயே மிகச் சின்னச் சேவை அதுதான். அட்டவணையில் இரண்டு நிமிடம் போட்டிருக்கிறது. காற்று நல்லாக அமைந்த ஒருநாள் 53 விநாடியில் போயிருக்கிறார்கள்.

கேள்வி: எனக்கு 72 வயது. பேர்ணில் இருக்கிறேன். விமானத்தில் காது அடைத்து இரண்டு நாள் நோகும், இனி ஏறமாட்டேன். லண்டனில் பேத்தி பிறந்திருக்கிறாள். தரையால் போக வழி இருக்கிறதா?

பதில்: தாராளமாக இருக்கிறது, அம்மா. விடிய ஏழு மணிக்குப் பேர்ணில் ஏறினால் பின்னேரம் லண்டனில் பேத்தியைத் தூக்கலாம். மொத்தம் ஒன்பதரை, பத்து மணித்தியாலம் வையுங்கள்.

பேர்ணிலிருந்து பாஸலுக்கு ஒரு மணித்தியாலம். பாஸலில் பாரிஸ் தே-ஜே-வே ஏறினால் மூன்று மணித்தியாலம் சொச்சத்தில் கார் து லியோன். அங்கேதான் கொஞ்சம் கவனம் வேண்டும், லண்டன் ரயில் அதே நிலையத்திலிருந்து போகாது, கார் து நோரிலிருந்து போகும். நிலத்துக்குக் கீழே ஆர்.இ.ஆர். 'டி' ரயிலில் இரண்டாவது தரிப்பு. படிகளும் சனமும் அதிகம், பெட்டியோடு சிரமமாக இருந்தால் ரக்சி பிடியுங்கள். இரண்டு ரயிலுக்கும் இடையில் இரண்டரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் விட்டுத்தான் நான் ரிக்கற் போடுவேன். கார் து நோரில் படியேறி மேல்மாடிக்குப் போனால் லண்டன் போகிற யூரோஸ்டார் ரயில். பிரெஞ்சுக் காவலரும் பிரித்தானியக் காவலரும் அங்கேயே அடுத்தடுத்து நின்று கடவுச்சீட்டைப் பார்த்துவிடுவார்கள், லண்டனில் இறங்கி நேராக வெளியே நடக்கலாம். சுவிஸ் கடவுச்சீட்டு என்றால் விசா வேண்டாம், ஆனால் 2025 ஏப்ரலிலிருந்து இணையத்தில் இ.டி.ஏ. என்கிற அனுமதி முந்தியே எடுக்கவேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டோ அகதிப் பயண ஆவணமோ வைத்திருந்தால் விசா எடுத்தே ஆகவேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் ரிக்கற்றுக்குக் காசு கட்டுங்கள்.

பாரிஸிலிருந்து லண்டன் இரண்டேகால் மணித்தியாலம். கடல் சுரங்கம் 50 கிலோமீட்டர், அதில் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில். இருபது நிமிடம் யன்னல் கறுப்பாக இருக்கும், அவ்வளவுதான். உள்ளே புகும்போது காது இலேசாக அடைக்கும், விமானம் மாதிரி இல்லை. ஒரு இனிப்பை வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் திகதி எழுதவில்லை. ரயில் ரிக்கற் மூன்று மாதம் முந்திப் போட்டால் பாதி விலைக்குக் கிடைக்கலாம், கெதியாக எழுதி அனுப்புங்கள். அந்த இரண்டரை மணித்தியாலமும் நிலையத்து இரும்புக் கதிரையில் இருக்கத் தேவையில்லை. கார் து நோரிலிருந்து என் கடை எட்டு நிமிட நடை. தேத்தண்ணியும் பக்கத்துக் கடை வடையும் இருக்கும், பெட்டியைத் தம்பி ஒருவன் தூக்கி வருவான்.